பழைய டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் வாங்கப் போகிறீர்களா? அதன் சத்தத்தை எடைபோடும் வழி

ஓசூரில் வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகிற ஸ்டீரியோ செட்டுகள், பெங்களூர் பி.வி.கே. ஐயங்கார் சாலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் துணி விரித்துப் பரப்பி வைத்திருக்கும் பெட்டிகள், மூடிப்போன ரெக்கார்டிங் சென்டர்களின் பரணில் கிடப்பவை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வந்து சேரும் பழைய ப்ரீஆம்புகள் (சிடி பிளேயர், ட்யூனர், இசைத்தட்டு இவற்றின் சிக்னலை வாங்கி, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கு அனுப்பும், வால்யூம் உள்ள பெட்டிகள்) இன்னமும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கின்றன. வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது வார்மாக (கனமாக, மென்மையாக) இருக்குமா, பிரைட்டாக (உயர் ஸ்தாயி தூக்கலாக) இருக்குமா?

முப்பது நாற்பது வருடம் ஓடிய ஒரு பெட்டியைப் பற்றி அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் என் கருத்து. அதில் உங்கள் காதில் விழும் குணத்தில் பெரும்பகுதி, அதை வடிவமைத்தவர் வைத்தது கிடையாது. காய்ந்துபோன கண்டென்சர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) ஒரு பங்கு, உங்கள் பவர் ஆம்ப்போடும் சிடி பிளேயரோடும் பொருந்தாமல் நிற்பது ஒரு பங்கு, யாரோ எப்போதோ அழுத்திவிட்டுப் போன லவுட்னஸ் பொத்தான் ஒரு பங்கு. இந்த மூன்றையும் விலக்கிவிட்டால் மிச்சம் கேட்பதுதான் அந்த ப்ரீஆம்பின் சொந்தக் குரல், அது பலபேர் நினைப்பதைவிட மிகச் சின்ன விஷயம், ஆனால் இருக்கிறது. வால்வு செட்டுகளைப் பற்றி இங்கே பேசவில்லை, டிரான்சிஸ்டரும் ஐசியும் உள்ளவை மட்டும்.

பிளக்கைச் செருகும் முன்

பின்பக்கம் வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானுக்குள் விற்கச் செய்தது என்றால் 100 வோல்ட், அமெரிக்காவுக்குப் போனது 120, நம் வீட்டில் வருவது 230. சிலவற்றில் பின்னால் மாற்றிக்கொள்ள ஒரு செலக்டர் இருக்கும், அதை மாற்றினால் ஃபியூஸ் மதிப்பையும் மாற்ற வேண்டும், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். செலக்டர் இல்லாவிட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். ஆனால் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 110 வோல்ட் கொடுப்பது, 100 வோல்ட் செட்டுக்கு அதுவே பத்து சதவீதம் அதிகம், ராத்திரியில் லைன் 250 வரை ஏறும் ஊர்களில் அது 120-ஐத் தொடும். உள்ளே சூடு ஏறும். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் (உள்ளே ஈரம் உள்ள வகை) ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதால், இன்று நன்றாகப் பாடுவது இரண்டு கோடை தாண்டுவது சந்தேகம். 100 வோல்ட் செட்டுக்குச் சரியாக 100 வோல்ட் கொடுக்கும்படி டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி வாங்குங்கள், சுற்றித் தருகிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றுங்கள். பல்லி, கரப்பான் முட்டை, எறும்புப் புற்று எல்லாம் இருக்கும். கிரானைட் பட்டறைகள் பக்கம் இருந்து வந்த செட் என்றால் மாவு போன்ற வெள்ளைத் தூசி உள்ளே படிந்திருக்கும், அதை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், மென்மையான பிரஷ்ஷால் தட்டி பிளோயரால் ஊதி எடுங்கள், இல்லாவிட்டால் வால்யூம் கன்ட்ரோலுக்குள் போய் உட்காரும். கண்டென்சர்களின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பாகக் கெட்டிப்பட்டுக் கிடக்கும் பசை வேறு, கண்டென்சர் ஆடாமல் இருக்கக் கம்பெனியிலேயே போட்டது, ஆனால் அதுவும் வயதாகும்போது பக்கத்துக் கம்பிகளை அரிக்கக்கூடியது.

பிறகு கரன்ட் கொடுத்து, பவர் ஆம்ப்பில் இணைக்காமலேயே, அவுட்புட் ஆர்சிஏ சாக்கெட்டில் (ஆடியோ வயர் செருகும் வட்டச் சாக்கெட்) மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். சில மில்லிவோல்ட் இருந்தால் சரி. 50-க்கு மேல் நிலையாக நின்றால் உள்ளே ஏதோ கசிகிறது, அதை உங்கள் ஸ்பீக்கரோடு சேர்த்துப் பரிசோதிக்க வேண்டாம். விற்கிறவர் வீட்டில் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம், டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

பொத்தான்கள்

லவுட்னஸை ஆஃப் செய்யுங்கள். குறைந்த சத்தத்தில் நம் காது பேஸை மிகக் குறைவாகக் கேட்கிறது என்பதை ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933-ல் அளந்து காட்டினார்கள், அதை ஈடுகட்ட வந்ததுதான் அந்தப் பொத்தான். வால்யூம் கீழே இருக்கும்போது அது பேஸைக் கணிசமாக ஏற்றும், சில செட்டுகளில் ட்ரெபிளையும் சேர்த்து. "என்ன பேஸ், என்ன பேஸ்" என்று விற்கிறவர் காட்டும்போது நான் முதலில் பார்ப்பது அதைத்தான். டோன் டிஃபீட் அல்லது டைரக்ட் என்று (பேஸ், ட்ரெபிள் திருகுகளைத் தாண்டிப் போகும் பொத்தான்) இருந்தால் அதைப் போடுங்கள், ஏனென்றால் பேஸ், ட்ரெபிள் திருகுகளை நடுவில் வைத்தாலும் பழைய செட்டில் நடு என்பது உண்மையில் நடுவாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, இடது சேனல் ஒரு டெசிபல் மேலேயும் வலது சமமாகவும் இருப்பது சாதாரணம். சப்சோனிக் ஃபில்டர், ஹை ஃபில்டர், மோனோ பொத்தான்கள் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுங்கள். டேப் மானிட்டர் (டேப் டெக்கில் இருந்து திரும்பி வருவதை மட்டும் கேட்க வைக்கும் பொத்தான்) உள்ளே அழுந்தியிருந்தால் சத்தமே வராது, "டெட் செட்" என்று சல்லிசாகப் போனவற்றில் சில இதனால் மட்டுமே ஊமையாக இருந்தவை.

எல்லா சுவிட்சுகளையும் திருகுகளையும் கரன்ட் இல்லாமல் இருபது முப்பது தடவை இப்படியும் அப்படியும் போடுங்கள். வெள்ளித் தொடுமுனைகளில் படிந்த கறுப்பு பாதி போய்விடும். ஒரு சேனல் மங்கலாக, உள்ளே தள்ளிக் கேட்பது பெரும்பாலும் இதனால்தான்.

பொருத்தம்: இங்கேதான் பாதி குணம் பிறக்கிறது

1970-களின் ப்ரீஆம்புக்கு ட்யூனர், டேப் டெக் எல்லாம் 150, 200 மில்லிவோல்ட் கொடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். நீங்கள் இணைக்கும் சிடி பிளேயரோ டேக்கோ (DAC, டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக மாற்றும் பெட்டி) 2 வோல்ட் கொடுக்கிறது, அதாவது 20 டெசிபல் அதிகம். விளைவு என்ன? வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே வீடு அதிரும், நீங்கள் எப்போதும் திருகின் முதல் கால்பாகத்திலேயே இருப்பீர்கள், அங்கே கார்பன் கன்ட்ரோலின் இடது, வலது சேனல்கள் இரண்டும் ஒன்றாக ஓடாது, பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வார். வால்யூமுக்கு முன்னாலேயே ஒரு டிரான்சிஸ்டர் நிலை வைத்த செட் என்றால் அங்கேயே சிக்னலின் தலை வெட்டுப்படும். இதைக் கேட்டுவிட்டுத்தான் "டிரான்சிஸ்டர் என்றாலே முரட்டு சத்தம்" என்று முடிவு கட்டுகிறார்கள்.

மருந்து மிகச் சுலபம். சிடி பிளேயரில் இருந்து வரும் வயரில், ஒவ்வொரு சேனலுக்கும் 9.1 கிலோ ஓம் ஒன்றைத் தொடராகவும், அதற்குப் பிறகு 1 கிலோ ஓம் ஒன்றைக் கிரவுண்டுக்கும் போடுங்கள், 20 டெசிபல் குறைந்துவிடும். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் வாங்குங்கள், பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ப்ரீஆம்பை மாற்றியதைவிட இதனால் அதிகம் மாறிய வீடுகள் உண்டு.

அடுத்து பேஸ். ப்ரீஆம்பின் வாசலில் ஒரு அவுட்புட் கண்டென்சர் உட்கார்ந்திருக்கும். அது 1 மைக்ரோஃபாரட், உங்கள் பவர் ஆம்ப்பின் இன்புட் மின்தடை 47 கிலோ ஓம் என்றால் பேஸ் குறையத் தொடங்கும் இடம் மூன்றரை ஹெர்ட்ஸ் அளவு, கவலையே இல்லை. அதே ப்ரீஆம்பை 10 கிலோ ஓம் இன்புட் உள்ள புதிய பவர் ஆம்ப்பிலோ ஆக்டிவ் ஸ்பீக்கரிலோ இணைத்தால் அந்த இடம் 16 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது, கண்டென்சர் வயதாகிப் பாதி மதிப்பு போயிருந்தால் 32. மிருதங்கத்தின் தொப்பிக்கு அடியில் இருக்கும் அந்தக் கனம் மெலிந்துபோகும். ஒருவர் "மெலிசான சத்தம்" என்று திட்டிய செட்டை இன்னொருவர் "நல்ல கனம்" என்று புகழ்வதற்குக் காரணம் தேடுகிறீர்களானால் முதலில் அவரவர் பவர் ஆம்ப்பின் இன்புட் எவ்வளவு என்று கேளுங்கள்.

இசைத்தட்டு கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜின் (தட்டின் மேல் ஓடும் ஊசியைத் தாங்கும் பாகம்) சுருளும், டோன் ஆர்ம் வயர், ப்ரீஆம்ப் இன்புட் இரண்டிலும் உள்ள கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து உயர் ஸ்தாயியில் ஒரு மேடு போடும். சுருள் 500 மில்லிஹென்றி, மொத்தக் கெப்பாசிட்டன்ஸ் 200 பிகோஃபாரட் என்றால் அந்த மேடு 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம், பெரிய தொந்தரவு இல்லை. 450 பிகோஃபாரட் ஆகிவிட்டால் பத்தரை கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வரும். அப்போது நாதஸ்வரம் காதைக் குத்தும், ஜால்ராவும் சலங்கையும் முன்னால் வந்து நிற்கும், அதற்கு மேலே உள்ளதெல்லாம் சட்டென்று மங்கிவிடும். சில ப்ரீஆம்புகளில் இன்புட்டிலேயே 200, 300 பிகோஃபாரட் கண்டென்சர் வைத்திருப்பார்கள். சர்வீஸ் மேனுவலில் பாருங்கள், அதோடு உங்கள் வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 100 என்று கூட்டி, கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொல்லும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அதிகமாக இருந்தால் சின்ன வயர், அவ்வளவுதான்.

இசைத்தட்டு சிக்னலை ஏற்றும் அதே போனோ நிலையில் ஆர்ஐஏஏ என்ற ஈடு ஒன்று இருக்கிறது, தட்டு வெட்டும்போது குறைத்த பேஸை ஏற்றி, ஏற்றிய ட்ரெபிளைக் குறைப்பது, இரண்டு ஓரத்திலும் ஏறக்குறைய 20 டெசிபல் வேலை. இதைச் செய்வது சில ரெசிஸ்டரும் கண்டென்சரும்தான். அவற்றின் மதிப்பு ஐந்து பத்து சதவீதம் தள்ளியிருந்தால், குரல் இருக்கும் நடுப்பகுதி முழுவதுமே அரை டெசிபல், ஒரு டெசிபல் சாயும். உண்மையில் வார்ம், பிரைட் என்ற சொற்களுக்கு அர்த்தம் இருக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

வயது பேசும் சத்தங்கள்

உம் என்று ஒரு இரைச்சல் இருந்தால் அது எந்த உம் என்று பிரித்துக் கேளுங்கள். 100 ஹெர்ட்ஸ், கொஞ்சம் கூர்மையாக, இருந்தால் பவர் சப்ளை ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கிறது. 50 ஹெர்ட்ஸ், அடிவயிற்றில் இருந்து வருவதுபோல் இருந்தால் எர்த் விவகாரம். செல்போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு ஹெட்போனில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் ஒரே தடவையில் பழகிவிடும். எர்த் பற்றிச் சொல்லும்போது, நம் பக்கம் பல பழைய வீடுகளில் மூன்றாவது முள் பேருக்குத்தான் இருக்கிறது, கோடையில் எர்த் குழி காய்ந்து கிடக்கும், அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் பிறகு ப்ரீஆம்பைக் குறை சொல்லுங்கள். அதற்காக எர்த் வயரைப் பிடுங்கிவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

தோட்டத்து வீடாக இருந்தால் மூன்று ஃபேஸ் (த்ரீ ஃபேஸ்) கரன்ட் வரும் நேரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த மோட்டார்கள் எல்லாம் அடுத்தடுத்துக் கிளம்பும், லைன் இறங்கி ஏறும், ஸ்டெபிலைசர் ரிலே தட்டும் ஒவ்வொரு தட்டும் போனோ இன்புட்டில் கேட்கும். மோட்டார்கள் நின்ற பிறகு கேளுங்கள்.

சீரான மெல்லிய ஸ்ஸ் இரண்டு சேனலிலும் ஒரே அளவில் இருந்தால் அது இயல்பு. ஒரு சேனலில் மட்டும் கடுகு வெடிப்பதுபோல் விட்டு விட்டு வந்தால் அங்கே ஒரு டிரான்சிஸ்டர் போய்க்கொண்டிருக்கிறது, அதை மாற்றியாக வேண்டும். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகர என்றால் காண்டாக்ட் கிளீனர் போதும். திருப்பாமல் சும்மா இருக்கும்போதே கரகர என்றால் பென்சிலின் பின்பக்கத்தால் போர்டை மெதுவாகத் தட்டிப் பாருங்கள், சால்டர் விட்டுப்போன இடம் காட்டிக்கொடுத்துவிடும்.

சொந்தக் குரலைக் கேட்கும் வழி

இப்போது செட் சுத்தம், பொருத்தம் சரி. இனிதான் குணத்தைக் கேட்க வேண்டும். நான் நம்பும் வழி ஒன்றே ஒன்று, டேப் மானிட்டர் உள்ள ஒரு சாதாரண இன்டக்ரேட்டட் ஆம்ப் (ப்ரீஆம்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் உள்ளது) இருந்தால் போதும். அந்த ஆம்ப்பின் டேப் அவுட்டை நீங்கள் சோதிக்கும் ப்ரீஆம்பின் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொடுங்கள், ப்ரீஆம்பின் அவுட்டை ஆம்ப்பின் டேப் இன்னுக்குக் கொண்டுவாருங்கள். பாட்டு ஓடும்போது டேப் மானிட்டரை அழுத்தினால் ப்ரீஆம்ப் வழியாக, எடுத்தால் ப்ரீஆம்ப் இல்லாமல். ஒரு நொடியில் மாற்றிக் கேட்கலாம்.

இதில் கட்டாயமான ஒரு வேலை, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்துவது. அரை டெசிபல் கூட இருப்பது சத்தமாகத் தெரியாது, "நல்லாருக்கு" என்று தெரியும், இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 200 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, மானிட்டர் உள்ளேயும் வெளியேயும் ஒரே எண் வரும்படி ப்ரீஆம்பின் வால்யூமைச் சரிசெய்யுங்கள். ஒரு வோல்ட்டும் 1.01 வோல்ட்டும் என்ற அளவுக்கு நெருங்கினால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் வந்துவிடும். 1 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம், விலை குறைந்த மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேலே ஏசியைச் சரியாகக் காட்டுவதில்லை.

எதைப் போட்டுக் கேட்பது? தம்பூரா தனியாக ஒலிக்கும் கச்சேரிப் பதிவின் ஆரம்பம் மிக நல்லது, அந்த ரீங்காரம் ஒவ்வொரு மீட்டலுக்கும் மெல்ல மெல்ல அடங்குவது முழுக்கக் கேட்கிறதா, பாதியில் இரைச்சலில் மூழ்குகிறதா என்று கவனியுங்கள். தவில் தனி ஆவர்த்தனத்தில் குச்சி விழும் முனை மழுங்குகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு பேச்சு, தர்மபுரி வானொலியின் பண்பலையில் செய்தி வாசிப்பது போதும், மனிதக் குரலில் எங்கே சாய்ந்திருக்கிறது என்பது நமக்கெல்லாம் பிறந்ததில் இருந்து தெரிந்த கணக்கு. கடைசியாக யாரையாவது பொத்தானை அழுத்தச் சொல்லி, எது எது என்று உங்களுக்குச் சொல்லாமல் செய்யச் சொல்லுங்கள். நல்ல நிலையில் உள்ள 80-களின் செட்டில் லைன் இன்புட் வழியாகப் பெரும்பாலும் வித்தியாசம் பிடிபடாது. பிடிபட்டால், மறுபடியும் கண்டென்சரைப் பாருங்கள்.

சில பெயர்கள்

குவாட் 33 1967-ல் வந்தது, மென்மையான குரல் என்று பேர் எடுத்தது, சாய்வை மாற்றிக்கொள்ளும் அதன் ட்ரெபிள் ஃபில்டர் கீறல் விழுந்த தட்டுகளுக்கு இன்றும் வரம்தான். ஆனால் அது அதன் ஜோடியான 303 பவர் ஆம்ப்புக்கு அரை வோல்ட் கொடுத்தால் போதும் என்று செய்தது, வேறு பவர் ஆம்ப்பில் சோம்பலாகத் தெரிந்தால் அதுதான் காரணம். சாக்கெட்டுகள் டிஐஎன் (DIN, பல முள் உள்ள வட்டச் சாக்கெட்) வகை, மாற்று வயர் செய்ய வேண்டும். நெய்ம் (Naim) கம்பெனியின் பழைய ப்ரீஆம்புகள் கரன்டையே அதன் பவர் ஆம்ப்பில் இருந்தோ தனி சப்ளைப் பெட்டியில் இருந்தோ எடுப்பவை, தனியாகக் கிடைத்தால் சப்ளை இல்லாமல் என்ன செய்யப்போகிறீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள். அவர்கள் பவர் ஆம்ப்பையும் வேறு ப்ரீஆம்போடு சேர்க்காமல் இருப்பது நல்லது, கேட்கும் எல்லைக்கு மேலுள்ள அலைவரிசைகளை வடிக்கும் வேலையை ப்ரீஆம்பிடம் விட்டுவைத்த வடிவமைப்பு அது.

நாட் (NAD) 3020 இன்டக்ரேட்டட்தான், ஆனால் பின்னால் ப்ரீ அவுட், மெயின் இன் என்று பிரித்திருக்கும், இணைக்கும் கம்பியைக் கழற்றினால் நல்ல ப்ரீஆம்ப் கையில். பவர் பக்கம் எரிந்துபோனது சல்லிசாகக் கிடைத்தால்கூட இதற்காக வாங்கலாம். நம் நாட்டு சோனோடைன், காஸ்மிக், நார்ஜ் செட்டுகளிலும் ப்ரீ அவுட் இருக்கிறதா என்று பின்னால் பாருங்கள், உதிரி பாகம் கிடைப்பதில் அவை இறக்குமதியைவிட நிம்மதி.

ஐசி மாற்றினால் குரலே மாறிவிடும் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 4558 இருந்த இடத்தில் 5532 வைத்தால் போனோவில் இரைச்சல் குறையலாம், அது உண்மை. ஆனால் வேகமான ஐசியைப் பழைய போர்டில் அப்படியே செருகினால் காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஊசலாட ஆரம்பித்து, சூடாகி, சத்தம் கரடுமுரடாகும், அதைச் சிலர் "டீடெய்ல்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். போலி 5532-ம் சந்தையில் நிறைய.

கடையில் கொடுக்கும்போது

மைக் செட் சர்வீஸ் செய்யும் கடைகளில் கை நல்ல கை, சால்டரிங் அழகாக வரும், ஆனால் அவர்கள் வேலை கோயில் திருவிழாவுக்கு நாளைக்கே செட் ஓட வேண்டும் என்பது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பவர் சப்ளை கண்டென்சர்களையும் சிக்னல் வழியில் உள்ள எலக்ட்ரோலிட்டிக்குகளையும் அதே மதிப்பில், 105 டிகிரி வகையில், மாற்றினால் போதும். ஆர்ஐஏஏ பகுதியில் உள்ள சின்ன ஃபிலிம் கண்டென்சர்களைத் தொட வேண்டாம், வால்யூம் கன்ட்ரோலை "புதுசு போட்டுடறேன்" என்று சொன்னாலும் பழையதைச் சுத்தம் செய்து பார்த்த பிறகுதான். ஒரு சேனலை முடித்து, இன்னொரு சேனலோடு ஒப்பிட்டுக் கேட்டுவிட்டு அடுத்ததைத் தொடச் சொல்லுங்கள், எங்கே தப்பு நடந்தாலும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டு எது எந்த இடம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், சர்க்யூட் படம் கிடைக்காத செட்டுகளில் அடுத்த தடவை திறப்பவருக்கு அசல் மதிப்பைச் சொல்ல அந்தக் கவர் மட்டும்தான் இருக்கும்.